இரைச்சலை எங்கே மறிப்பது: பெரைட்டா, பில்டரா, பொருளையே மாற்றுவதா?

எல்.ஈ.டி. பல்ப்பைப் போட்டால் எப்.எம். கரகரக்கிறது. கூரையில் சோலார் ஏறியதிலிருந்து சிற்றலையில் ஒரு நிலையமும் கேட்பதில்லை. இரவில் விளக்கைப் போட்டதும் படகுகள் ஒன்றோடொன்று பேசும் வீ.எச்.எப். வானொலிச் செட்டில் பக்கத்துப் படகின் குரல் அமுங்கிவிடுகிறது. மூன்றும் ஒரே நோய்தான். மின்னோட்டத்தை நொடிக்குப் பல்லாயிரம் தடவை வெட்டி வெட்டி விடும் சுற்று ஒன்று, தன்னோடு இணைந்த வயரையே ஏரியலாக்கி இரைச்சலை ஒலிபரப்புகிறது.

இதைத் தணிக்க நான்கு வழிகள் உண்டு: வயரில் பெரைட் (இரைச்சலுக்குத் தடை போடும் காந்தப் பீங்கான் வளையம் அல்லது கிளிப்) போடலாம், மின்வழியில் இரைச்சலை வடிகட்டும் பில்டர் பூட்டலாம், சத்தம் போடும் பொருளை மாற்றலாம், வாங்கியின் ஏரியலை அப்பால் கொண்டுபோகலாம். ஒவ்வொன்றும் வேறொரு பாதையை அடைக்கிறது. அதனால்தான் ஒருவர் வீட்டில் மந்திரம் போல வேலைசெய்த பெரைட் கிளிப், அடுத்த வீட்டில் வெறும் அலங்காரமாகத் தொங்குகிறது. எங்கள் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்று தெரியும்வரை ஒரு சதமும் செலவழிக்க வேண்டாம். தெரிந்த பின், காசை இரைச்சல் பிறக்கும் முனையில் போடுங்கள். கேட்கும் முனையில் போடுவது ஒரேயொரு நிலைமையைத் தவிர வீண். அதைப் பின்னால் பார்ப்போம்.

முதலில் குற்றவாளியைப் பிடிப்பது

இதற்கு மத்திய அலை உள்ள, பற்றரியில் ஓடும் சின்ன ட்ரான்சிஸ்டர் போதும். 531 முதல் 1602 கிலோஹேர்ட்ஸ் வரையிலான பட்டையில், நிலையம் எதுவும் இல்லாத இடத்தில் நிறுத்தி ஒலியைக் கூட்டுங்கள். எப்.எம். பக்கம் வைத்துத் தேட வேண்டாம். எப்.எம். வாங்கி சமிக்ஞையின் வீச்சு மாற்றங்களை வெட்டி எறிந்துவிடும், ஆகவே சிறிய இரைச்சலை மறைத்துவிடும். மத்திய அலை வாங்கி அந்த வீச்சைத்தான் கேட்கிறது. உளவு பார்க்க அதுவே உகந்தது.

மெயின் சுவிட்சை அணையுங்கள். சத்தம் நின்றால் குற்றவாளி உங்கள் வீட்டுக்குள். நிற்காவிட்டால் அயலிலோ தெருக்கம்பத்திலோ. இதில் இரண்டு பொறிகள் உள்ளன. யூ.பீ.எஸ். மெயின் போன பின்னும் ஓடிக்கொண்டே இருக்கும். அதைத் தனியாக நிறுத்த வேண்டும். மின்சார சபை வழியோடு இணைந்த கூரைச் சோலார் இன்வேர்ட்டர் இதற்கு நேர் எதிர்: மெயின் போனதும் பாதுகாப்புக்காகத் தானே நின்றுவிடும். அப்போது சத்தம் நின்றது வீட்டுப் பல்ப்பாலா இன்வேர்ட்டராலா என்று தெரியாது. ஆகவே அதே சோதனையை இருட்டிய பின் இன்னொரு தடவை செய்யுங்கள். சூரியன் சாயச் சாயக் குறைந்து இரவில் காணாமல் போகும் இரைச்சல் என்றால் கூரையைப் பாருங்கள்.

வீட்டுக்குள் என்று உறுதியானால் மெயினைப் போட்டு, பிரேக்கர்களை ஒவ்வொன்றாக இறக்குங்கள். சத்தம் நிற்கும் பிரேக்கரில் உள்ள பொருட்களை ஒவ்வொன்றாகப் பிளக்கிலிருந்து கழற்றுங்கள். ரிமோட்டால் அணைப்பது போதாது. காத்திருப்பு நிலையிலும் சுற்று ஓடும். வானொலியைச் சுவர் ஓரமாகக் கொண்டுபோனால் எங்கும் இரையும், ஏனெனில் வீட்டு வயரிங் முழுவதும் இரைச்சலைச் சுமக்கிறது. ஒரு பொருளிலிருந்து ஒரு முழத் தூரத்தில் சட்டென்று உரத்துக் கேட்டால்தான் அது மூலம். வழக்கமான ஆட்கள்: மலிவான எல்.ஈ.டி. பல்ப், கூரைப் பனல் லைட்டின் ட்ரைவர் (விளக்குக்கு மின்னை மாற்றிக் கொடுக்கும் சுற்று), ரூட்டர் அடப்டர், பெயர் தெரியாத போன் சார்ஜர், இன்வேர்ட்டர் ஏசி.

கணினியில் செருகும் எஸ்.டி.ஆர். டொங்கிள் (அலைவரிசைகளைத் திரையில் காட்டும் சின்ன வானொலி வாங்கி) கைவசம் இருந்தால் இன்னும் நல்லது. திரையில் இரைச்சல் சம இடைவெளியில் கோடு கோடாகத் தெரியும். கோடுகளுக்கிடையே 65 கிலோஹேர்ட்ஸ் இருந்தால் அந்தப் பொருள் 65 கிலோஹேர்ட்ஸில் மின்னை வெட்டுகிறது. பொருளைக் கழற்றும்போது கோடுகள் மறைவதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

இரைச்சல் இரண்டு விதமாக ஓடும்

சார்ஜரின் வயருக்குள் இரண்டு கம்பிகள். இரைச்சல் ஒன்றில் போய் மற்றதில் திரும்பினால் இரண்டின் கதிர்வீச்சும் பெரும்பாலும் ஒன்றையொன்று அழித்துவிடும். அது வயர் வழியே மின்வழிக்குள் போய்த் தொல்லை தரும். இரண்டு கம்பியிலும் ஒரே திசையில் ஓடி எர்த் வழியாகவோ காற்றின் கொள்ளளவு (தொடாமலே மின்னைக் கடத்தும் இயல்பு) வழியாகவோ திரும்பினால், வயர் முழுவதும் ஒரே கம்பியாக நின்று ஏரியலாகிவிடும். முதலாவதை எதிர்முறை என்றும் இரண்டாவதைப் பொதுமுறை என்றும் சொல்வார்கள். வானொலியைக் கெடுப்பதில் பெரும் பங்கு பொதுமுறைக்குத்தான்.

கண்டறிய எளிய வழி: காப்புறை சேதமில்லாத வயரைக் கையால் இறுகப் பிடியுங்கள், அல்லது இடம் மாற்றிப் போடுங்கள். சத்தம் மாறினால் பொதுமுறை. மாறாவிட்டால் எதிர்முறை என்று சந்தேகிக்கலாம். பெரைட் பொதுமுறைக்கு. பில்டர் இரண்டுக்கும், ஆனால் நிபந்தனைகளுடன்.

பெரைட்: மலிவு, பாதுகாப்பு, பாதிப் பேர் பிழையாகப் போடுவது

இரு கம்பியையும் சேர்த்துப் பெரைட்டின் துளைக்குள் விட்டால், போய்த் திரும்பும் வேலை மின்னோட்டத்தின் காந்தப்புலம் தன்னைத் தானே அழித்துக்கொள்ளும். சார்ஜருக்கு ஒன்றும் தெரியாது. ஒரே திசையில் ஓடும் இரைச்சலுக்கு மட்டும் தடை ஏறும். எதையும் வெட்ட வேண்டாம், மின்னைத் தொட வேண்டாம். வாடகை வீட்டுக்காரருக்கு இதைவிட நல்ல வழி இல்லை.

வயரில் ஒரு தடவை மாட்டும் சாதாரண கிளிப், 100 மெகாஹேர்ட்ஸில் நூறு ஓமுக்கு மேல் தடை தரும். எப்.எம்.முக்கு அது உதவும். அதே கிளிப் 1 மெகாஹேர்ட்ஸில் மிஞ்சிப் போனால் இருபது முப்பது ஓம். மத்திய அலை இரைச்சல் அதைக் கண்டுகொள்ளவே மாட்டாது. அங்கே சுற்றுகள் வேண்டும். தடை சுற்றுகளின் வர்க்கத்தில் ஏறும்: 2 சுற்றுக்கு 4 மடங்கு, 3 சுற்றுக்கு 9 மடங்கு. வயர் துளைக்குள் ஒரு தடவை போனாலே அது ஒரு சுற்று. ஆனால் சுற்றுகள் கூடக் கூட அவற்றுக்கிடையிலான கொள்ளளவும் கூடி, உயர் அலைவரிசையில் இரைச்சல் குறுக்கே பாய்ந்துவிடும். ஆகவே எப்.எம்.முக்கும் வீ.எச்.எப்.புக்கும் ஒன்று, இரண்டு சுற்றோடு கிளிப்புகளை வரிசையாகப் போடுங்கள். மத்திய அலைக்கும் சிற்றலைக்கும் 61 மில்லிமீற்றர் வெளிவிட்டமுள்ள பெரிய வளையத்தில் 8 முதல் 14 சுற்று.

பெரைட் எந்தக் கலவையால் ஆனது என்று காட்டும் இலக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். 31 ஆம் இலக்கம் 1 மெகாஹேர்ட்ஸிலிருந்து எப்.எம். தாண்டியும் வேலைசெய்யும், ஒன்றுதான் வாங்கலாம் என்றால் அதுவே. 43 சுமார் 25 மெகாஹேர்ட்ஸுக்கு மேல். 61 இன்னும் மேலே, 200 மெகாஹேர்ட்ஸுக்கு அப்பால். இலக்கம் தெரியாத சரக்கு என்றால் பழைய மொனிட்டர் வயரில் உள்ள உருளையைப் பிளந்தெடுப்பதே மேல். ரீவி திருத்தும் கடையின் குப்பைப் பெட்டியில் கிடைக்கும். கணினிப் பவர் சப்ளையில் கிடைக்கும் மஞ்சள்-வெள்ளை வளையத்தை மட்டும் எடுக்காதீர்கள். அது இரும்புத்தூள். பெரிய பெரைட் வளையத்தில் 10 சுற்று நூறிலிருந்து இருநூறு மைக்ரோஹென்றி (இரைச்சலை மறிக்கும் தூண்டலின் அளவு) காட்டும்; அந்த மஞ்சள் வளையத்தில் அதே 10 சுற்று பத்து மைக்ரோஹென்றியைக் கூடத் தொடுவது அரிது.

பெரிய வளையத்தின் உள்விட்டம் சுமார் 35 மில்லிமீற்றர். நம்மூர் 13 அம்பியர் சதுரப் பிளக் அதற்குள் போகாது. வயரின் மறுமுனையைப் பாருங்கள்: கசட் வானொலிக்கு வருவது போன்ற எட்டு வடிவச் சின்னச் செருகி இருந்தால் அந்தப் பக்கத்திலிருந்து சுற்றிவிடலாம். இல்லாவிட்டால் பிளக்கைக் கழற்றித் திரும்பப் பூட்ட வேண்டும்.

பிழைக்குக் காரணங்கள் பெரும்பாலும் இவை. கிளிப்பின் இரு பாதியும் முழுதாகப் பொருந்தவில்லை. தடித்த வயரை நெருக்கி மூடியதால் மயிரிழை இடைவெளி விழுந்தாலும் தடை சரிந்துவிடும். அடுத்தது, கிளிப்பை வானொலிக்குப் பக்கத்தில் போட்டுவிட்டுக் குற்றவாளியிடம் போடாமல் விடுவது. 100 மெகாஹேர்ட்ஸில் கால் அலைநீளம் 75 சென்ரிமீற்றர். சார்ஜரிலிருந்து 75 சென்ரிமீற்றர் தள்ளிக் கிளிப்பைப் போட்டால், இடையில் மிஞ்சும் வயர் அளவெடுத்துச் செய்த ஏரியல். பெட்டியிலிருந்து 5 சென்ரிமீற்றருக்குள் போடுங்கள். சார்ஜரில் இரண்டு பக்கமும் வயர் உண்டு, இரண்டிலும் போடுங்கள்.

பில்டர்: வலிமை கூட, வில்லங்கமும் கூட

1 மெகாஹேர்ட்ஸுக்குக் கீழே, அல்லது எதிர்முறை இரைச்சலுக்கு, பெரைட் வளையம் மட்டும் போதாது. 230 வோல்ட் மின்வழிப் பில்டருக்குள் இரு கம்பிக்கும் குறுக்கே எக்ஸ் வகைக் கப்பாசிட்டர், பொதுமுறைக் கொயில், கம்பியிலிருந்து எர்த்துக்கு வை வகைக் கப்பாசிட்டர்கள் இருக்கும். ஏசி, தண்ணீர் மோட்டரின் வேகக் கட்டுப்பாடு, பெரிய யூ.பீ.எஸ். போன்றவற்றுக்கு இதுவே வழி. பொருளின் மின்னோட்டத்தைவிடக் கால் பங்காவது கூடிய அம்பியரில் வாங்குங்கள். இல்லாவிட்டால் கொயில் சூடாகும்.

வில்லங்கம் எர்த்தில். வை கப்பாசிட்டர் 4.7 நனோபரட் என்றால் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸில் 0.34 மில்லிஅம்பியர் எப்போதும் எர்த்துக்குக் கசியும். ஒன்றிரண்டு பில்டரால் 30 மில்லிஅம்பியர் ட்ரிப் சுவிட்ச் விழாது. ஆனால் அது 15 மில்லிஅம்பியருக்கு மேல் எப்போதும் விழக்கூடியது. கணினிகள், ஏசி, வாஷிங் மெஷின் எல்லாவற்றின் கசிவோடு மார்கழி மழையில் ஈரமேறிய வயரிங்கும் சேரும்போது, பில்டர் அந்தக் கடைசித் துளியாகலாம். காரணம் தெரியாமல் ட்ரிப் சுவிட்சையே கழற்றி நேரடியாக இணைப்பவர்கள் இருக்கிறார்கள். உயிரோடு விளையாடுவது அது.

எர்த்தே இல்லாத பழைய வீடு என்றால் நிலைமை வேறு. இரு வை கப்பாசிட்டர்களும் மின்னழுத்தத்தைப் பாதியாகப் பிரித்து, பொருளின் உலோக உடலில் சுமார் 115 வோல்ட்டை நிறுத்தும். மின்னோட்டம் சிறியதுதான், ஆனால் தொட்டால் சுரீரென்கும், பில்டரும் பாதி வேலைதான் செய்யும். கடற்கரையோர வீடுகளில் எர்த் கம்பியின் கவ்வி உப்பில் அரித்துப் பெயருக்கு மட்டும் நிற்பது சாதாரணம். திருகோணமலையின் உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் பில்டர் வாங்குமுன் எர்த்தை அளந்து பார்க்கச் சொல்லுங்கள்.

பில்டரைச் சாதனத்தின் உலோக உடலோடு நேரடியாகத் திருகுங்கள், பெயின்ரைச் சுரண்டிவிட்டு. 30 சென்ரிமீற்றர் எர்த் வயர் ஏறத்தாழ 0.3 மைக்ரோஹென்றி; 10 மெகாஹேர்ட்ஸில் அது 19 ஓம். அதற்கப்பால் எர்த் இருந்தும் இல்லாதது போலத்தான். சொந்தமாகக் கப்பாசிட்டர் போட நினைப்பவர்கள் 275 வோல்ட் ஏசி என்று அச்சிட்ட எக்ஸ்2 வகையைத்தான் போட வேண்டும். 400 வோல்ட் டீசி என்று எழுதிய சாதாரணக் கப்பாசிட்டர் மின்வழியில் குறுக்குப்பட்டு எரியும்.

‘பில்டர் உள்ளது’ என்று விற்கும் மல்டிபிளக் கட்டைகளில் பலவற்றுக்குள் இடிமின்னலுக்கான ஒரு வில்லை மட்டும்தான் இருக்கும். இரைச்சலுக்கு அதனால் பயனில்லை.

பொருளை மாற்றுவது

எல்.ஈ.டி. பல்ப் விஷயத்தில் யோசிக்கவே வேண்டாம், மாற்றுங்கள். ட்ரைவர் பல்ப்பின் அடிக்குள்ளேயே இருப்பதால் கிளிப் மாட்ட வயரே கிடையாது; ஹோல்டருக்கு மேலே ஓடும் வீட்டு வயரிங்தான் ஏரியல். கடையில் பல்ப்பைப் பூட்டி எரித்துக் காட்டி, உத்தரவாதத் திகதி போட்டுத் தரும் வழக்கம் இங்கே வசதி. அந்த ஒரு நிமிடத்தில் சட்டைப்பை வானொலியை முப்பது சென்ரிமீற்றரில் பிடித்துக் கேளுங்கள். நல்ல பல்ப்பில் அருகே மெல்லிய இரைச்சல் வந்து, ஒரு மீற்றரில் மறையும். மோசமானது கடை முழுக்கக் கேட்கும். விளக்குகளின் இரைச்சலுக்கான சர்வதேச நியமம் சிஸ்பிர் 15. பெட்டியில் அந்த இலக்கம் இருப்பது நல்லது. வெறும் முத்திரைகளை மட்டும் நம்ப வேண்டாம், அச்சடிப்பது சுலபம்.

ரூட்டர் அடப்டரையும் மாற்றலாம். வோல்ட்டும் முனைத் திசையும் அதே இருக்க வேண்டும், அம்பியர் கூடினால் பரவாயில்லை. சத்தமே போடாத பழைய இரும்பு ட்ரான்ஸ்போமர் அடப்டரைப் போடலாமே என்று தோன்றும். ஒழுங்காக்கல் இல்லாத 12 வோல்ட் அடப்டர் சுமை குறைந்தால் 16 வோல்ட்டுக்கும் ஏறும். மீற்றர் வைத்துப் பாராமல் ரூட்டரில் செருகாதீர்கள்.

ஏரியலை நகர்த்துவது

கேட்கும் முனையில் செலவழிப்பது பயன் தரும் ஒரே நிலைமை என்று மேலே சொன்னது இதுதான்: மூலம் உங்கள் கையில் இல்லாதபோது. அயல்வீட்டின் இன்வேர்ட்டரை நீங்கள் திறக்க முடியாது. மூலத்துக்கு மிக அருகில் இரைச்சலின் புலம் தூரத்தின் கனத்தோடு விழும், தூரம் இரட்டித்தால் எட்டில் ஒன்று. அதனால் சன்னலோர ஏரியலை வளவின் மறுமூலைக்குக் கொண்டுபோவது எந்த பில்டரையும் விடக் கூடப் பலன் தரலாம். ஆனால் ஏரியலை வானொலியோடு இணைக்கும் கோக்ஸ் வயரின் வெளிப்பின்னல் வீட்டுக்குள்ளிருந்து இரைச்சலைச் சுமந்து ஏரியல்வரை கொண்டுபோகும். வீட்டுக்குள் நுழையும் இடத்தில் அதையும் 31 ஆம் இலக்க வளையத்தில் சுற்றிவிடுங்கள். யூ.எஸ்.பீ. 3 டிஸ்க் 2.4 கிகாஹேர்ட்ஸ் வைபையைக் கெடுப்பதற்கும் மருந்து இதே: டிஸ்க்கை ஒரு மீற்றர் தள்ளி வையுங்கள்.

படகில்

படகில் கணக்கு மாறும், ஏனெனில் இங்கே கெடுவது பாட்டல்ல. வீ.எச்.எப். 16 ஆம் சனல் 156.8 மெகாஹேர்ட்ஸ், படகை அடையாளம் காட்டும் ஏ.ஐ.எஸ். 161.975, 162.025. எல்.ஈ.டி. விளக்குகள் இவை இரண்டையும் அடைப்பது பற்றி ஐக்கிய அமெரிக்கக் கரையோரக் காவல்படை 2018 ஓகஸ்ட்டில் ஒரு பாதுகாப்பு எச்சரிக்கையே வெளியிட்டது. அதில் சொன்ன சோதனைக்குக் கருவி வேண்டாம். விளக்குகளை அணைத்து, அமைதியான சனல் ஒன்றில் வையுங்கள். ஸ்குவெல்ச்சை (அழைப்பு இல்லாதபோது இரைச்சலை அடைக்கும் திருகை) இரையும்வரை திறந்து, இரைச்சல் சரியாக நிற்கும் புள்ளிக்குத் திருப்புங்கள். இப்போது விளக்கைப் போடுங்கள். செட் திரும்ப இரைந்தால் விளக்கு இரைச்சல் மட்டத்தை உயர்த்திவிட்டது. தூரத்துப் படகின் அழைப்பு அதற்குள் புதைந்துபோகும்.

திருகோணமலைக் கொட்பே துறைமுகத்தில் கட்டிய நிலையிலேயே இதைச் செய்துவிடலாம், கடலுக்குப் போய்த்தான் அறிய வேண்டும் என்றில்லை. முதல் தெரிவு நல்ல விளக்காக மாற்றுவது. அது முடியாவிட்டால் விளக்கின் அடியிலேயே இரு வயரையும் சேர்த்து 43 ஆம் இலக்க வளையத்தில் 2 சுற்று. நேர், எதிர் முனைகளுக்குக் குறுக்கே 0.1 மைக்ரோபரட், 50 வோல்ட் செரமிக் கப்பாசிட்டர், கால்களை முடிந்தளவு குட்டையாக வெட்டி. மேலே, சூடாக்கினால் சுருங்கும் பசையுள்ள உறை. பசை இல்லாத உறை உப்புத் தண்ணீரை உள்ளே பிடித்துவைத்துக் கம்பியைப் பச்சையாக்கிவிடும். பாய்மரத்து உச்சியில் விளக்கும் ஏரியலும் அருகருகே இருந்தால் குறைந்தது ஒரு மீற்றர் பிரியுங்கள். வீ.எச்.எப். செட்டுக்குப் பற்றரியிலிருந்தே தனி வயர், தனிப் பியூஸ்.

இயந்திரத்தின் வேகத்தோடு ‘டக் டக்’ என்று கூடிக் குறையும் சத்தம் விளக்கிலிருந்து வருவதல்ல, இயந்திரத்தின் ஸ்பார்க் பிளக்கிலிருந்து. என்.ஜி.கே. பிளக்கின் இலக்கத்தில் ஆர் எழுத்து இருந்தால் உள்ளே சுமார் 5,000 ஓம் தடை உண்டு, பி7எச்.எஸ். இருக்கும் இடத்தில் பிஆர்7எச்.எஸ். போட்டாலே பல வேளைகளில் முடிந்துவிடும். இயந்திரக் கையேடு அனுமதிக்கிறதா என்று மட்டும் பாருங்கள். சீழ்க்கை போல ஏறி இறங்கினால் பற்றரியைச் சார்ஜ் செய்யும் ஓல்டனேற்றர். அதற்குப் பற்றரி முனைகளைத் துடைத்து இறுக்குவதிலிருந்து தொடங்குங்கள்.

கூரைச் சோலார்

இங்கே வீட்டுக்காரர் தானாகக் கை வைக்கக் கூடாது. வெயில் இருக்கும்வரை பனல் வரிசையில் சில நூறு வோல்ட் டீசி நிற்கும்; மெயினை அணைத்தாலும் போகாது. பூட்டியவரை அழைத்து இரண்டு கேளுங்கள். ஒன்று, நேர் வயரும் எதிர் வயரும் கூரை முழுவதும் சேர்ந்தே ஓடுகின்றனவா? ஒன்று ஒரு ஓரத்திலும் மற்றது மறு ஓரத்திலும் போனால் கூரையே ஒரு பெரிய வளைய ஏரியல். இதைச் சரிசெய்யப் பொருட்செலவு கிட்டத்தட்ட இல்லை, பலனோ பெரிது. இரண்டு, இன்வேர்ட்டரின் டீசி, ஏசி இரு பக்கமும் பெரைட் வளையம் போட இடமுண்டா? இன்னும் பூட்டாதவர்கள் இந்த இரண்டையும் விலை பேசும்போதே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

தெருக்கம்பம்

மெயினை அணைத்தும் நிற்காத, தேனீ ரீங்காரம் போன்ற தடித்த இரைச்சல் கம்பத்திலிருந்து வரலாம். இன்சுலேற்றரில் படிந்த உப்பின் மேல் சிறு பொறி பறக்கிறது. 50 ஹேர்ட்ஸின் இரு அரைகளிலும் பொறிப்பதால் நொடிக்கு 100 வெடிப்பு. வாடை மழை உப்பைக் கழுவிவிடும். மழை குறைந்த மாதங்களில், அதுவும் ஈரப்பதம் ஏறும் அதிகாலையில், உச்சத்துக்குப் போகும். பெரைட்டும் பில்டரும் இதற்கு உதவாது. கம்பத்தையோ இழுகம்பியையோ தட்டிப் பார்க்கவே கூடாது. பற்றரி வானொலியோடு தெருவில் நடந்து உரத்துக் கேட்கும் கம்பத்தைக் கண்டுபிடித்து, கம்பத்தின் இலக்கம், சத்தம் கூடும் நேரம், மழைக்குப் பின் குறைகிறதா, எந்த அலைவரிசையில் கேட்கிறது என்ற நான்கையும் எழுதி மின்சார சபைக்குக் கொடுங்கள். மூலம் வேறொருவரின் ஒலிபரப்பி என்று தெரிந்தால் அதைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவுக்கு அறிவிக்க வேண்டும். ‘வானொலி இரைகிறது’ என்ற ஒற்றை வரியோடு போகும் முறைப்பாட்டில், எந்தக் கம்பத்தில் ஏறுவது என்று ஆட்களுக்குத் தெரியாது.